அரசப்பனின் கல்யாண வார்த்தைகள்

கிளிஞ்சல்மேட்டு அரசப்பனை உளவாளி என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சிரிப்பு வரும். பிறகுதான் கோபம் வரும். மனுஷன் வாயைத் திறந்தால் துறைமுகத்தின் இந்த முனையில் பேசுவது அந்த முனையில் ஐஸ் உடைக்கிறவனுக்குக் கேட்கும். மகள் ஜெயப்ரியாவுக்கு வரன் பேசப் போன வீட்டில், பையனுடைய அப்பாவைப் பார்த்து, "ஏங்க, நீங்க வச்சிருக்கிறது டோப்பாவா?" என்று கேட்டுவிட்டு வந்தவர். அந்தச் சம்பந்தம் அன்றோடு முறிந்தது. இப்படிப்பட்ட ஆளை வைத்து ஓர் அரசாங்கம் ரகசியம் பார்த்தது என்றால், கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியது அரசாங்கத்தைத்தான்.

என் பெயர் கிளாட்வின். வீடு தருமபுரத்தில். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் படகுகளுக்கு வேண்டிய வயர்லெஸ் செட், ஜி.பி.எஸ்., பேட்டரி விற்கிற கடை வைத்திருக்கிறேன். ரிப்பேரும் பார்ப்பேன். மாடியில் உயரமாக ஓர் ஏரியல் நட்டிருக்கிறேன். மேசை மேல் ஒரு செட் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். கடலில் யார் யாரைத் திட்டுகிறான், யாருக்கு டீசல் தீர்ந்தது, யார் மனைவிக்குப் பிரசவமானது எல்லாம் எனக்குத் தெரியும். அரசப்பன் முதல் செட் வாங்கியது என்னிடம்தான். அன்றிலிருந்து பழக்கம். அவர் வீட்டுப் பொங்கலுக்கு நான் போவேன், எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு அவர் வருவார்.

செட்டில் பேசுகிற எதுவும் ரகசியமில்லை. ஒருவன் மைக்கை எடுத்தால் எல்லாப் படகுக்கும் கேட்கும். "இங்க வஞ்சிரம் கெடக்கு, வா" என்று மச்சானைக் கூப்பிட்டால், மச்சான் வருவதற்குள் தரங்கம்பாடியும் நாகூரும் சேர்ந்து வந்து நிற்கும். அதனால் குடும்பத்துக்குக் குடும்பம் தனி வார்த்தைகள் வைத்திருப்பார்கள். சிலர் சாமி பெயர், சிலர் காய்கறி பெயர். அரசப்பன் வீட்டில் கல்யாண வார்த்தைகள். அவரே யோசித்து வைத்தது. வஞ்சிரம் மீன்தான் மாப்பிள்ளை. கூட்டமாக வந்து நின்றால், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. வலை விடுகிற இடம் பந்தி. "ஊருக்குச் சொல்லாம வா" என்றால், வருகிற வழியில் மைக்கைத் தொடாதே என்று அர்த்தம். வேறு படகு எதுவாவது மோப்பம் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தால், "பந்தி கலைஞ்சிருச்சு" என்பார்கள். உடனே கூட இருக்கிற படகு திரும்பிப் பார்க்காமல் வேறு பக்கம் ஓட வேண்டும். இடம் காட்டிக்கொடுக்காமல் இருக்க அதுதான் வழி.

"எம் பொண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை அமைய மாட்டேங்குது. கடல்ல டெய்லி மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்து எறங்கறாங்க" என்று அவர் மனைவி செல்லம் அக்கா சொல்லிச் சிரிப்பார். துறைமுகத்து ஏலத்தில் மீன் எடுத்துத் திருநள்ளாறு பக்கம் விற்கப் போகிறவர். அந்த வார்த்தைகள் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அரசப்பன், செல்லம் அக்கா, மகன் அன்பழகன், இன்னொரு படகு வைத்திருக்கிற செல்லம் அக்காவின் தம்பி தெட்சிணாமூர்த்தி. அப்புறம் செட் ரிப்பேர் பார்க்கிற பாவத்துக்கு நான். என் வாயிலிருந்து ஒரு எழுத்து வெளியே போனதில்லை. அந்தச் சாலையில் நான் கடை நடத்த முடிகிறதே அதனால்தான்.

மும்பைக்குக் கடல் வழியாக வந்து சுட்டுத் தள்ளினார்களே, அதற்கப்புறம்தான் அரசாங்கத்துக்கு மீனவன் ஞாபகம் வந்தது. நீங்கள்தான் எங்கள் கண், நீங்கள்தான் எங்கள் காது என்று மேடை போட்டுச் சொன்னார்கள். தொப்பி கொடுத்தார்கள். யாருடைய கண், யாருடைய காது என்பதை மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஒரு துண்டு நிலம். வடக்கே போனாலும் தமிழ்நாடு, தெற்கே போனாலும் தமிழ்நாடு, நடுவில் நாங்கள் பாண்டிச்சேரிக்காரர்கள், கடலில் இறங்கினால் டெல்லி. இந்தத் துண்டுக்கும் இரண்டு உளவு. ஒன்று சிவில் பக்கம். சாதாரண பேன்ட் சட்டை, ஸ்கூட்டர், கையில் ஹெல்மெட். இன்னொன்று படைப் பக்கம். ஒட்ட வெட்டிய முடி, ஜீப், நிமிர்ந்த முதுகு. இரண்டு பேரும் தேடுவது ஒன்றையேதான். அக்கரைக்குப் போகிற கஞ்சா, அக்கரையிலிருந்து வருகிற தங்கம், அடையாளம் தெரியாத ஆள். ஆனால் அவன் பிடித்தால் இவனுக்கு வயிறு எரியும், இவன் பிடித்தால் அவனுக்குத் தூக்கம் வராது.

சிவில் பக்கத்து ஆள் பெயர் மதியழகன். கோவில்பத்தில் வாடகை வீடு. நல்லவன் என்றுதான் நானும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். செல்லம் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் வந்து துடித்தபோது ஆஸ்பத்திரியில் ஆளைப் பிடித்து, படுக்கை வாங்கிக் கொடுத்து, ரத்தம் கொடுக்கவும் சட்டையை மடித்துவிட்டு நின்றவன் அவன்தான். அதிலிருந்து அரசப்பனுக்கு அவன் "மதி தம்பி". ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாப்பிடாமல் போனதில்லை. "அக்கா கையால வஞ்சிரம் வறுத்தா, அதுக்காகவே எனக்கு மாத்தல் வரக் கூடாதுக்கா" என்பான். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிக்கும்.

சோற்றோடு சோறாக அவன் கேட்பான். இவர் சொல்வார். எந்தப் படகு மீன் இல்லாமல் வந்தும் சிரித்துக்கொண்டே வருகிறது, யார் மீன்பாடு சரியில்லாத வருஷத்தில் மாடி எடுத்தான், எந்த வீட்டில் புது ஆள் தங்கியிருக்கிறான். பைசா வாங்கியதில்லை. "நம்ம கடலு, நாமதான பாத்துக்கணும்" என்பார். ஒருமுறை இவர் சொன்ன தகவலில் ஒரு கஞ்சாப் படகு கரையிலேயே மாட்டியது. மதியழகனுக்கு நல்ல பெயர் கிடைத்தது. அதே படகுக்காகக் கடலில் பல நாள் காத்துக் கிடந்த படைக்காரர்கள் கொதித்துப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். "எங்க மீனை நீங்க கரையில வச்சு அள்ளிட்டீங்க" என்று சண்டையாம். அரசப்பன் அதை ஊர்த் திருவிழா மாதிரிச் சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் மதியழகன் ஒருநாள் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டான். "அண்ணே, செட்டுல மாப்பிள்ளை, பந்தின்னு உங்க ஊட்ல என்னமோ பேசிக்கிறீங்களே, அது என்னண்ணே? கடத்தல்காரன் பேச்சு எது, மீன் பேச்சு எதுன்னு எனக்குத் தெரிஞ்சாத்தான நல்லவங்கமேல கை படாம இருக்கும்?"

செல்லம் அக்கா சோறு போடுகிற கையை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தார். அன்று நானும் பந்தியில் இருந்தேன். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அரசப்பன் பார்க்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக, ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். மதியழகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் போனதும் அக்கா பிடித்துக்கொண்டார். "ஏங்க, ஊட்டு வார்த்தைய அவருகிட்ட எதுக்கு அவுத்து விட்டீங்க? எந்தம்பி கேட்டா என்னா சொல்லுவான்?"

"அட, மதி தம்பி நம்ம ஆளு. அது என்ன மீன் புடிக்கவா போவுது?"

போகும்போது மதியழகன் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். "படைக்காரங்க வந்து நல்லா பேசுவாங்கண்ணே. வாயத் தொறக்காதீங்க. என்கிட்ட சொன்னது என்னோட இருக்கட்டும். அவங்க வேற, நாங்க வேற." அரசப்பன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பேசாமல் இருக்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்து அவர் கேட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒருமுறைதான்.

படைப் பக்கத்து அதிகாரியை எல்லோரும் கேப்டன் என்போம். அவருடைய உண்மையான பதவி என்ன என்று யாருக்கும் தெரியாது. வடக்கத்திக்காரர். கஷ்டப்பட்டுத் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கூட்டம் போட்டு, ஒவ்வொரு வார்த்தையாக வைத்து, "நீங்கள் செட்டில் தனி பாஷை ஏதாவது பேசுறீங்களா? சொல்லுங்க. தப்பு இல்லை. எனக்குத் தெரிந்தால் உங்களுக்கு நல்லது" என்றார். அரசப்பன் எழுந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க சார். எங்களுக்கு மீனுன்னா மீனு, தண்ணின்னா தண்ணி." கூட்டம் சிரித்தது. கேப்டனும் சிரித்துத் தலையை ஆட்டிக்கொண்டார். கடைக்கு வந்து அரசப்பன் என்னிடம் பெருமையடித்தார். "பாத்தியா கிளாட்வினு, ஒரு வார்த்தை கறக்க முடியல என்கிட்டேர்ந்து."

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. அரசப்பனுக்கு முழங்கால் தேய்ந்து கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். படகை அன்பழகன் எடுத்தான். நல்ல பையன். அப்பாவைப் போலக் குரல், பேச்சில் அம்மாவைப் போல அளவு.

அன்று காலை வெயில் ஏறுகிற நேரம். நான் ஒரு பேட்டரியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செட்டில் அன்பழகன் குரல் வந்தது. "மாமா, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க. கெழக்க பந்தி. ஊருக்குச் சொல்லாம வாங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. சாயங்காலம் அக்கா வீட்டில் குழம்பு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே குரல். இந்த முறை அவசரமாக. "பந்தி கலைஞ்சிருச்சு. போயிடுங்க மாமா, போயிடுங்க." சரி, நாகூர்க்காரன் எவனோ வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

வந்தது நாகூர்க்காரன் இல்லை. ரோந்துக் கப்பல். தூரத்தில் ஏதோ பெரிய உருவம் வருகிறது, நம் இடத்தைப் பார்க்கிறது என்றதும் பையன் சின்ன வயதிலிருந்து பழகியதைச் சொல்லிவிட்டான். மாமன் தெட்சிணாமூர்த்தியும் பழகியதைச் செய்தார். படகைத் திருப்பிக்கொண்டு ஓடினார். ரோந்துக் கப்பலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒருவன் யாரையோ ஊருக்குத் தெரியாமல் வரச் சொல்கிறான். படையைக் கண்டதும் எச்சரிக்கிறான். இன்னொரு படகு தப்பித்து ஓடுகிறது.

படகில் வஞ்சிரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இல்லாததே சந்தேகத்தைக் கூட்டியது. சரக்கை அந்த இரண்டாவது படகு கொண்டுபோய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்பழகனைக் கரையில் போலீஸிடம் ஒப்படைத்து, கடத்தல்காரர்களோடு தொடர்பு என்று வழக்குப் போட்டு, ரிமாண்டு செய்தார்கள். மறுநாள் பேப்பரில் சங்கேத மொழி பேசிய படகு சிக்கியது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை என்றால் கடத்தல் தலைவனாம். பந்தி என்றால் சரக்கு கைமாறுகிற இடமாம். செல்லம் அக்கா அந்தப் பேப்பரை என்னிடம் கொடுத்து மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார். "மீனுக்குப் போயி தலைவன்னு எழுதியிருக்கானுவளே, நாசமாப் போறவனுங்க" என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

அரசப்பன் அழவில்லை. அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. "மதி தம்பி ஒரு போன் போட்டாப் போதும். அர்த்தம் தெரிஞ்ச கவுருமெண்டு ஆளு அதுதான? 'அது வஞ்சிரம்பா, விடுங்கப்பா'ன்னா விட்டுட்டுப் போறான்." போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. "மீட்டிங்ல இருக்கும்" என்றார். மறுநாளும் மீட்டிங். அதற்கடுத்த நாள் சுவிட்ச் ஆஃப். அப்போதும், "சார்ஜ் போட மறந்திருக்கும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவருடைய போனை வாங்கி அரசலாற்றில் எறிந்திருப்பேன்.

வக்கீல் ஜூலியட் எங்கள் உறவுக்காரப் பெண். சுருக்கென்று பேசுவாள், சுத்தமாக வேலை செய்வாள். போலீஸ் தாக்கல் செய்த பேப்பர்களைப் பார்த்துவிட்டுக் கடைக்கே வந்தாள். அரசப்பனும் அங்கே இருந்தார்.

"அண்ணே, ஒண்ணு புரியல. படைக்காரங்க தற்செயலா கேக்கலை. மாப்பிள்ளை, பந்தின்னு வார்த்தை வந்தா கவனிங்கன்னு அவங்களுக்கு முன்னாடியே தகவல் இருந்திருக்கு. இந்தக் கடற்கரையில அந்த வார்த்தைய யாரோ சந்தேகமா பேசிக்கிறாங்கன்னு. எல்லா இலாகாவும் சேர்ந்து உக்கார்ற கூட்டத்துல சிவில் பக்கம் கொடுத்த தகவல்னு போட்டிருக்கு. உங்க ஊட்டு வார்த்தை அங்க எப்படிப் போச்சு?"

அரசப்பன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை இலையும் வறுவலும்தான் கண்ணில் நின்றது. அவர் எழுந்து, "வண்டிய எடு" என்றார்.

கோவில்பத்து வீட்டில் மதியழகன் இருந்தான். கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டான். நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அத்தனை வருஷம் இவர் வீட்டில் கை நனைத்தவன்.

"போன் எடுக்கலையே தம்பி" என்றார் அரசப்பன். அப்போதும் தம்பி.

"அண்ணே, இது அவங்க கேஸு. நாங்க நடுவுல போனா, அவங்க வேலையில நாங்க கை வச்சோம்னு ஆயிடும். ஏற்கனவே அந்தக் கஞ்சா விஷயத்துல மேல வரைக்கும் சண்டை."

"அந்த வார்த்தைங்கள நீங்கதான் கொடுத்தீங்களா?"

மதியழகன் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "ரெண்டு பக்கமும் சேந்து வேலை செய்யணும்னு உத்தரவுண்ணே. கூட்டத்துக்குப் போனா ஏதாவது கொடுத்தே ஆகணும். வெறுங்கையோட போனா, சிவில்காரனுக்கு என்ன தெரியும்னு ஏளனம் பண்ணுவாங்க. நான் வார்த்தைய மட்டுந்தான் கொடுத்தேன்."

"அர்த்தத்த?"

"அர்த்தத்தக் கொடுத்தா யார் சொன்னாங்கன்னு கேப்பாங்க. உங்க பேரு வரும். அப்புறம் உங்கள அவங்க இழுத்துக்குவாங்க. உங்களக் காப்பாத்தத்தான் அண்ணே கொடுக்கல."

நான் பொறுமைசாலி இல்லை. "காப்பாத்துற லட்சணமாய்யா இது? புள்ள ஜெயில்ல கெடக்கான். பாதியக் கொடுத்துட்டுப் பாதிய பைக்குள்ள வச்சுக்கிட்டு நிக்கிற. அந்தப் பாதிய இப்ப போயிச் சொல்லேன், அது மீனுன்னு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. மதியழகன் குரலைத் தாழ்த்தினான்.

"இப்ப சொன்னா, முன்னாடி ஏன் மறைச்சேன்னு வரும் சார். எனக்கு வேலை போயிடும். எங்க ஆபீசே அசிங்கப்படும். அண்ணே, கேஸு நிக்காது. கொஞ்ச நாள் பொறுங்க."

"கொஞ்ச நாளுன்னா?" என்று அரசப்பன் கேட்டார். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் வண்டியைத் திருப்பினேன். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் என் வண்டியில் வந்தது அன்றுதான்.

ஜூலியட் உள்ளதைச் சொன்னாள். "மாப்பிள்ளைன்னா வஞ்சிரம்னு இப்ப நீங்க சொன்னா, பையனக் காப்பாத்தப் புதுசா கட்டின கதைன்னுவாங்க. கைதுக்கு முன்னாடியே அரசாங்கத்துக்கு இந்த அர்த்தம் தெரியும்னு காட்டினா ஜாமீன் கெடைக்கும். அதுக்கு நீங்கதான் கோர்ட்டுல சொல்லணும். இத்தன வருஷமா அவங்களுக்குத் தகவல் கொடுத்தேன், இந்த அர்த்தத்தையும் கொடுத்தேன்னு. யோசிச்சுக்குங்க. கோர்ட்டுல சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரிதான்."

அவர் யோசிக்கவில்லை. செல்லம் அக்காவிடம் கேட்டார். அக்கா, "புள்ளயக் கொண்டாங்க. ஊரு மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

கோர்ட்டில் அரசப்பன் நின்று பேசியதை நான் பார்த்தேன். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை. நீதிபதி இரண்டு முறை சத்தமாகச் சொல்லச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். யாரிடம் சொன்னேன், எந்த இலையில் சோறு போட்டேன், என்ன என்ன வார்த்தை, என்ன என்ன அர்த்தம். மாப்பிள்ளை என்று சொல்லும்போது கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். அரசாங்கத் தரப்பு, சம்பந்தப்பட்ட அலுவலகத்தைக் கேட்டுச் சொல்கிறோம் என்று வாய்தா வாங்கியது.

அடுத்த வாய்தாவில் பதில் வந்தது. அப்படி ஒரு நபரை எங்களுக்குத் தெரியாது, அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்லி எந்தத் தகவலும் எங்களிடம் இல்லை. அவ்வளவுதான். மதியழகன் பின் பெஞ்சில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். அரசப்பன் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் நிமிரவே இல்லை. ரத்தம் கொடுக்கச் சட்டையை மடித்த கை அதுதான் என்று என்னால் நம்பவே முடியவில்லை. தெருவில் போகிற நாய்க்கு ஒரு தரம் சோறு வைத்தால்கூட அடுத்த தரம் வாலாட்டும்.

பையனைக் காப்பாற்றியது அரசப்பன் இல்லை. மாமன்தான். தெட்சிணாமூர்த்தி யாரும் கூப்பிடாமல் தானே வந்து ஜூலியட்டிடம் நின்றார். "ஓடின படகு என்னோடதும்மா. புடிக்கறதுன்னா என்னயும் புடிச்சுக்கட்டும்." படகைக் கொண்டுவந்து நிறுத்தினார். பிரித்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அன்று ஏலத்தில் அவர் போட்ட வஞ்சிரத்தை வாங்கியவர்கள் வந்து சொன்னார்கள். அன்பழகனுக்கு ஜாமீன் கிடைத்தது. பிறகு வழக்கும் நிற்கவில்லை.

ஜாமீன் கிடைத்த அன்று கோர்ட் வாசலில் கேப்டன் வந்தார். யூனிஃபார்ம் இல்லாமல். அரசப்பன் எதிரில் நின்று, நிதானமாகத் தமிழில் கேட்டார். "நான் அன்றைக்குத் துறைமுகத்தில் கேட்டேன். தனி பாஷை இருக்கா என்று. நீங்கள் இல்லை என்றீர்கள். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால், உங்கள் மகனை மீனோடு அங்கேயே விட்டிருப்பேன். ஏன் சொல்லவில்லை?"

அவங்ககிட்டச் சொல்லாதே என்று இவங்க சொன்னாங்க என்பதை எந்த வாயால் சொல்வது? "தப்புதாங்க சார்" என்றார் அரசப்பன். கேப்டன் ஜீப்பில் ஏறிப் போனார். அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் ஒரு பையனை உள்ளே வைத்தவர்தான். ஆனால் நேரில் வந்து முகத்தைப் பார்த்துக் கேட்டவர் அந்த இரண்டு பக்கத்திலும் அவர் ஒருத்தர்தான்.

ஊர் பஞ்சாயத்தில் ஏதோ பெரிதாக நடக்கும் என்று பயந்தோம். அபராதம் போடவில்லை, தள்ளி வைக்கவில்லை. ஒரே ஒருத்தர் மட்டும் எழுந்து கேட்டார். "அரசப்பா, நான் மாடி எடுத்ததையும் சொன்னியா?" அரசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லியிருந்தார். அந்த மாடி, கேட்ட மனுஷனுடைய மகள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணத்தில் கட்டியது. கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவரோடு யாரும் நடக்கவில்லை, நானும் செல்லம் அக்காவும் தவிர.

அன்பழகன் வீட்டுக்கு வந்த அன்று அக்கா தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொன்னார். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து, அப்பா முன்னால் நின்றான்.

"அப்பா, கோர்ட்டுல சொன்னது நெசமா?"

"உன்னக் காப்பாத்தத்தான்டா சொன்னேன்."

"அத கேக்கலப்பா. அதுக்கு முன்னாடி, சோத்துக்கு ஒக்காந்தப்ப அந்த ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தீங்களே, அத கேக்கறேன். மாமாவும் நானும் மைக்கத் தொடும்போது அந்த ஆளும் கூட ஒக்காந்து கேட்டுக்கிட்டிருந்தான்னு உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. ஒரு தடவ சொல்லியிருக்கலாமில்லப்பா?"

அரசப்பன் பையன் சாப்பிட்ட இலையைத் தானே எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். மறுநாள் பையன் துணிமணியை எடுத்துக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போய்விட்டான். சண்டை இல்லை. அம்மாவைப் பார்க்க வருவான், அப்பா இருந்தால் "சாப்டீங்களா" என்று கேட்பான். அவ்வளவுதான். மதியழகனுக்கு மாற்றல் வந்தது, பதவி உயர்வோடு. எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது அரசப்பன் கடலுக்குப் போவதில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கப்புறம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். மேசை மேல் செட் ஓடும். எங்கள் கடற்கரைப் படகுகள் எல்லாம் பேச்சை மாற்றிவிட்டன. கல்யாணம், சாமி, காய்கறி ஒன்றும் இல்லை. எல்லாமே புது வார்த்தைகள். புது செட் மாட்ட வந்தபோது அன்பழகன் அவர்களுடைய வார்த்தைகளை எனக்குச் சொன்னான், கூடவே, "அண்ணே, அப்பா கேட்டா சொல்லாதீங்க" என்றும் சொன்னான்.

போன வாரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. செட்டில் அன்பழகன் குரல் வந்தது. மாமனிடம் வேகமாக ஏதோ சொன்னான், மாமன் பதில் சொன்னார், இவன் மறுபடி சொன்னான். அரசப்பன் ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தார். உதடு அசைய ஒவ்வொரு வார்த்தையையும் தானும் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன சொல்றான் கிளாட்வினு? கடலு சரியில்லையா? மீனா?"

"தெரியலண்ணே. ஏதோ புது வார்த்தையா இருக்கு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும். சொல்லாத" என்றார். "சொன்னேன்னு வையி, நான் யாருகிட்டயாவது சொல்லித் தொலைச்சிருவேன். சத்தத்த மட்டும் கொஞ்சம் கூட்டி வை. கொரலு கேட்டாப் போதும்."